மனிதர் மருந்தும் முயலின் வயிறும்

"வீட்டில் இந்த மாத்திரை இருக்கிறது, முயலுக்குக் கால் பங்கு கொடுக்கலாமா?" முயல் வளர்க்கும் நண்பர்களும் அவர்கள் வழியாக அறிமுகமானவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான். சிங்கப்பூரில் நம்மவர் வீடுகளில் மருந்துக்குப் பஞ்சமே இல்லை. பலதுறை மருந்தகத்தில் கொடுத்து மிச்சமானவை, ஊருக்குப் போய்த் திரும்பும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவை, ஜொகூர் பாருவில் விலை மலிவு என்று வாங்கியவை என்று சமையலறை இழுப்பறை நிறைய மருந்து கிடக்கிறது. வாயில்லாச் சீவன் சுருண்டு படுத்திருப்பதைப் பார்க்கும்போது அந்த இழுப்பறையை நோக்கிக் கை நீளுவது இயல்பு. நான் விலங்குநல மருத்துவர் அல்லேன்; வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பல ஆண்டுகளாக முயல் வளர்த்து, அவற்றுக்கு மருந்து கொடுத்துப் பழகி, மருத்துவர்களிடம் விடாமல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டவள். அந்த அளவில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. முயலுக்குக் கொடுக்கப்போகும் எந்த மருந்தானாலும், அது நோயைத் தீர்க்குமா என்று பார்ப்பதற்கு முன்பே குடலை என்ன செய்யும் என்று பார்த்தாக வேண்டும்.

முயல் புல் தின்னும் பிராணியாயினும் மாட்டைப்போல அசைபோடுவதில்லை. தின்ற புல்லில் உள்ள பெரிய நார்த்துணுக்குகள் விரைவாகக் குடலைக் கடந்து உலர்ந்த உருண்டைப் புழுக்கைகளாக வெளியேறிவிடுகின்றன. நுண்ணிய பகுதிகள் மட்டும் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் குருட்டுக்குடலுக்குள் சென்று, அங்கே வாழும் நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்படுகின்றன. இட்லி மாவு புளிக்கும் பானையோடு இதை ஒப்பிடலாம். சரியான நுண்ணுயிர்கள் பெருகினால் மாவு பொங்கும், வேண்டாதவை புகுந்தால் பானை முழுவதும் கெட்டுவிடும். அப்படிப் புளித்ததை முயல் மென்மையான, பளபளப்பான சிறு கொத்துகளாக வெளியேற்றி, கீழே விழுவதற்கு முன்பே வாயால் எடுத்து மறுபடியும் தின்றுவிடுகிறது. பலர் இதைக் கண்டு அருவருப்படைகிறார்கள். புரதத்தையும் பி வகை உயிர்ச்சத்துகளையும் முயல் பெறுவது இந்த வழியில்தான். இன்னொன்றையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. தவறான பொருள் உள்ளே போய்விட்டால் அதைத் திருப்பி அனுப்பும் வழி அதன் உடம்பில் இல்லை.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால், சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் ஏன் முயலைக் கொல்லக்கூடியவை என்பது விளங்கும். அமாக்சிசிலின், ஆம்பிசிலின் உள்ளிட்ட பென்சிலின் குடும்பத்து மருந்துகள், செஃபலெக்சின் போன்ற செஃபலோஸ்போரின்கள், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றை வாய்வழியாக முயலுக்குக் கொடுக்கக் கூடாது. இவை குருட்டுக்குடலின் நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடுகின்றன. காலியான அந்த இடத்தில் குளோஸ்ட்ரிடியம் ஸ்பைரோஃபார்மே போன்ற நுண்ணுயிர்கள் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. அதைத் தொடர்ந்து நீராகக் கழிச்சல், உடல் குளிர்ந்துபோதல், மரணம் என்று வரிசையாக நடக்கும். மருந்தை நிறுத்திச் சில நாட்கள் ஆன பிறகும் இது தொடங்கலாம் என்பதால், "ஒரு வேளை கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று நிம்மதி அடைய முடியாது. நாய்க்கும் பூனைக்கும் அமாக்சிசிலினும் கிளாவுலானேட்டும் சேர்ந்த மாத்திரையை மருத்துவர்கள் சாதாரணமாக எழுதிக்கொடுக்கிறார்கள். ஆகவே "விலங்குக்கான மருந்துதானே" என்ற சமாதானமும் இங்கே செல்லாது. பென்சிலினைத் தோலுக்கடியில் ஊசியாகச் செலுத்துவதும் உண்டு; பல்வேர்க் கட்டிகளுக்கு மருத்துவர்கள் அப்படித் தருகிறார்கள். ஊசியாகச் செல்லும்போது அது குடலை நேராகத் தாக்குவதில்லை. மருந்தின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும், அதைச் செலுத்தும் வழி மாறினால் உயிருக்கு வரும் ஆபத்தின் அளவும் மாறிவிடுகிறது.

எங்கள் புளோக்கிலேயே வசிக்கும் ஓர் இளம்பெண் ஒருநாள் இரவு என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, பையனுக்குக் காய்ச்சல் வந்தப்போ குடுத்த ஆன்டிபயாட்டிக் சிரப் பாதி பாட்டில் இருக்கு. முயலுக்கு மூக்கு ஒழுகுது. ரெண்டு சொட்டு விடவா?" அது அமாக்சிசிலின். "வேண்டாம்மா, மூடி வை. காலையில முதல் வேலையா முயல் பாக்குற டாக்டர்கிட்ட கொண்டுபோ" என்றேன். அவளுடைய முயலின் முன்னங்கால்களின் உட்புறத்தில் முடி ஈரமாகி, காய்ந்து, திரிதிரியாக ஒட்டியிருந்தது. மூக்கைக் காலால் துடைத்துத் துடைத்து அப்படி ஆகியிருந்தது. பாஸ்டுரெல்லா, போர்டடெல்லா போன்ற நுண்ணுயிர்களால் வரும் சளித்தொல்லையில் இது பரவலாகக் காணப்படும் அடையாளம். ஆனால் ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்த்தபோது, மேல்தாடைப் பல் ஒன்றின் வேர் வளர்ந்து கண்ணீர்க் குழாயை அழுத்திக்கொண்டிருந்தது தெரியவந்தது. எந்த சிரப்பும் அதைச் சரிசெய்திருக்காது. உலர்புல்லின் தூசியாலும், கழிப்புத் தட்டில் சிறுநீர் தேங்கி எழும் அமோனியா நெடியாலும்கூட மூக்கு ஒழுகும். காரணம் தெரியாமல் மருந்தைத் தேடுவதில் பயனில்லை.

முயல்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் என்ரோஃப்ளாக்சசின், டிரைமெத்தோப்ரிம்-சல்ஃபா, மெட்ரோநிடசோல் போன்றவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். என்ரோஃப்ளாக்சசின் கடுங்கசப்பு. மசித்த வாழைப்பழத்தில் மிகச் சிறிதளவு எடுத்து அதில் கலந்து கொடுத்தால் பல முயல்கள் ஏற்றுக்கொள்ளும். பாலிலோ தயிரிலோ கலக்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்து அந்த மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இந்தப் பாதுகாப்பான மருந்துகளைக் கொடுக்கும் நாட்களிலும் புழுக்கையின் அளவும் உருவமும் மாறுகின்றனவா என்று தினமும் பார்த்துவர வேண்டும்.

புழுக்கையைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. முயல்களுக்கு வரும் தொல்லைகளில் மிகப் பரவலானதும், மிக வேகமாக உயிரை எடுப்பதும் குடல் இயக்கம் நின்றுபோவதுதான். அது தனி நோயன்று. பல்வலி, வெப்பம், பயம், நார் குறைந்த தீனி, சிறுநீர்ப்பை வலி, இணைமுயலின் பிரிவு என்று எது வந்தாலும் முயல் முதலில் நிறுத்துவது சாப்பாட்டை. சாப்பாடு நின்றால் குடல் மெல்ல ஓய்கிறது, உள்ளே வாயு சேர்கிறது, வாயு வலியைத் தருகிறது, வலியால் சாப்பாடு மேலும் நிற்கிறது. இந்தச் சுழற்சியை வெளியிலிருந்து யாராவது உடைத்தாக வேண்டும். வயிற்றில் முடி அடைத்துக்கொண்டதே காரணம் என்று முன்பு நம்பினார்கள். முயல் தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது எப்போதும் முடியை விழுங்குகிறது, குடல் ஓடும்வரை அது வெளியேறிவிடுகிறது. குடல் நின்ற பிறகே முடி உருண்டு திரள்கிறது. ஆகவே அன்னாசிச் சாறு கொடுத்தால் முடி கரையும் என்ற பழைய யோசனையை விட்டுவிடலாம். அந்தச் சாற்றின் சர்க்கரை குருட்டுக்குடலுக்குக் கெடுதல் செய்யும்.

அறிகுறிகள் இப்படித் தொடங்கும். காலையில் தட்டில் கிடக்கும் புழுக்கைகள் வழக்கத்தைவிடச் சிறுத்து, கோணலாக இருக்கும். பிறகு எண்ணிக்கை குறையும். முயல் மூலையில் கூனி உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடி, வயிற்றைத் தரையில் அழுத்தும். பல்லை நறநறவென்று கடிக்கும். தடவிக்கொடுக்கும்போது சுகத்தில் மெல்ல அரைக்கும் ஒலி வேறு, வலியில் கடிக்கும் இந்த ஒலி வேறு. சிலமுறை கேட்டால் காது பிரித்தறியும். வலியில் இருக்கும் முயலின் முகத்தை, அதாவது கண் இடுங்குவது, கன்னம் தட்டையாவது, காது பின்னோக்கிச் சாய்வது ஆகியவற்றை, அளந்து மதிப்பிடும் ஓர் அளவுகோலை ஆய்வாளர்கள் 2012ல் வெளியிட்டார்கள். முயல் வலியை மறைக்கும் பிராணி என்பார்கள். நிதானமாகப் பார்ப்பவரிடம் அது அவ்வளவாக மறைப்பதில்லை என்பது என் எண்ணம்.

பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாத முயலை அவசர நோயாளியாகவே நடத்த வேண்டும். பிடித்த கொத்தமல்லியை நீட்டும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டால் நான் அந்தப் பன்னிரண்டு மணிக்காகக் காத்திருப்பதில்லை. முயலின் இயல்பான உடல்வெப்பம் 38.5 முதல் 40 பாகை செல்சியஸ் வரை இருக்கும். குடல் நின்ற முயலின் வெப்பம் 38க்குக் கீழே இறங்கத் தொடங்கினால் நிலைமை மோசம். காது சில்லிட்டிருந்தால் ஏர்கானை நிறுத்திவிட்டு, துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டியை அருகில் வைத்துக்கொண்டு புறப்பட வேண்டும். குழந்தைகளின் வாயுத் தொல்லைக்கான சிமெத்திகோன் சொட்டு மருந்தைப் பலர் வீட்டில் வைத்திருக்கிறார்கள். அது உடம்பில் உறிஞ்சப்படாமல் குடலோடு போய்விடுவதால் தீங்கில்லாதது என்றே கருதப்படுகிறது. ஆனால் அதைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று படுத்துவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. மருத்துவர் செய்யும் சிகிச்சை வேறு தளத்தில் நடக்கிறது. தோலுக்கடியிலோ நரம்பிலோ நீர் ஏற்றுகிறார், வலிநிவாரணி தருகிறார், உடம்பைச் சூடேற்றுகிறார், தேவைப்பட்டால் மெட்டோக்ளோப்ரமைடு அல்லது சிசாப்ரைடு போன்ற குடலியக்கி மருந்துகளைச் சேர்க்கிறார்.

அதற்கு முன் அவர் ஒன்றை உறுதிசெய்துகொள்கிறார். குடல் வெறுமனே ஓய்ந்திருக்கிறதா, அல்லது ஏதோ ஒன்று அடைத்திருக்கிறதா என்பதுதான் அது. நேற்றுவரை ஓடித் திரிந்த முயல் சில மணி நேரத்தில் துவண்டு, வயிறு பறையாக விறைத்துவிட்டால் அடைப்பு என்று சந்தேகிக்க வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை லிட்டருக்கு 20 மில்லிமோலைத் தாண்டியிருப்பதும் அடைப்பைச் சுட்டும் அடையாளங்களில் ஒன்று. அடைப்பு இருக்கும் வயிற்றுக்குள் ஊசிக்குழலால் உணவைத் திணிப்பதும், குடலியக்கி மருந்தைக் கொடுப்பதும் வயிற்றைக் கிழிக்கவே உதவும். வீட்டில் "எப்படியாவது கொஞ்சம் ஊட்டிவிடுவோம்" என்று தொடங்கும் முன், வயிறு மெத்தென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

மருத்துவர் ஊட்டச் சொன்ன பிறகு ஊட்டும் முறை முக்கியம். முயலை ஒரு துண்டில் காதும் தலையும் வெளியே தெரியும்படி இறுக்கமாகச் சுற்றி, மேசைமேல் நான்கு காலில் உட்கார்ந்த நிலையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். மல்லாத்தினால் அது அசையாமல் கிடக்கும். அந்த அசைவின்மை பயத்தால் வருவது, மருந்து மூச்சுக்குழாயில் இறங்கவும் வாய்ப்புண்டு. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத இடைவெளி ஒன்று கன்னப் பக்கமாக இருக்கிறது. ஊசிக்குழலின் நுனியை அங்கே நுழைத்து, அரை மில்லிலிட்டர் அல்லது ஒரு மில்லிலிட்டர் விட்டு, முயல் மென்று விழுங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்ததைத் தள்ள வேண்டும். அதைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் பின்புறத்தைக் கையால் தாங்க வேண்டும். பின்னங்கால் தசைகள் வலுவானவை, முதுகெலும்போ மெலிது. பயந்து ஓங்கி உதைத்தால் தன் முதுகைத் தானே முறித்துக்கொள்ளும்.

வலிநிவாரணிகளில் முயலுக்குப் பெரும்பாலும் எழுதப்படுவது மெலோக்சிகாம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் எண்கள் குழப்பம் தருவது இங்கேதான். முயலின் உடம்பு இந்த மருந்தை நாயைவிட வேகமாகக் கழித்துவிடுவதால், ஒரு கிலோவுக்கு அதற்குத் தேவைப்படும் அளவு நாய்க்குரியதைவிடக் கூடுதல். நாய்க்கான அட்டவணையைப் பார்த்துக் கொடுத்தால் வலி தீராது. மருந்து பலிக்கவில்லை என்று நாமாகக் கூட்டினால், நீரிழந்திருக்கும் முயலின் சிறுநீரகம் பாதிக்கப்படும். அடுத்தது புட்டி. மெலோக்சிகாம் நீர்மம் கடைகளில் இரண்டு செறிவுகளில் வருகிறது. பூனைக்கானது மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம், நாய்க்கானது மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம், ஒரே பிசுபிசுப்பு. "0.4 மில்லிலிட்டர் கொடுங்கள்" என்று முன்பு ஒருமுறை சொன்னதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை வேறு புட்டியிலிருந்து அதே 0.4 எடுத்தால், முயலுக்குப் போவது மூன்று மடங்கு அல்லது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே நான் எழுதி வைப்பது எப்போதும் மூன்று தகவல்களை: எத்தனை மில்லிகிராம், எந்தச் செறிவு, அதனால் எத்தனை மில்லிலிட்டர். முயலின் அன்றைய எடையையும் அதே தாளில் எழுதுகிறேன். நெதர்லாந்து குள்ள முயல் ஒரு கிலோதான் இருக்கும். ஹாலந்து லாப் அதைவிடச் சற்றே கனம். அந்த உடம்பில் நூறு கிராம் குறைந்தாலே கணக்கு மாறிவிடும். சமையலறை மின்தராசின்மேல் ஒரு கூடையை வைத்து வாரம் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது, கையால் தூக்கி எடை மதிப்பிடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

மெலோக்சிகாமும் ஸ்டீராய்டும் சேரக் கூடாது. ஸ்டீராய்டு மருந்துகள் தனியாகவே முயலுக்கு ஆகாதவை; அதன் நோயெதிர்ப்பாற்றல் மிக எளிதில் ஒடுங்கி, அதுவரை அடங்கிக் கிடந்த தொற்றுகள் கிளம்பிவிடும். மாத்திரையிலும் ஊசியிலும் மட்டுமல்லாமல், கண்ணுக்கும் காதுக்கும் விடும் சொட்டு மருந்துகளிலும் தோல் களிம்புகளிலும்கூட டெக்சாமெத்தசோன் போன்றவை கலந்திருக்கின்றன. கண் சிவந்திருக்கிறதே என்று வீட்டிலுள்ள சொட்டு மருந்தை எடுக்கும் முன் லேபிளைப் படிக்க வேண்டும். படித்த பிறகும் அதைத் திரும்ப வைத்துவிடுவது நல்லது.

இனி நம் வீட்டு வைத்தியம். என் அம்மாவுக்கு ஓமத்தின்மேல் உள்ள நம்பிக்கை மருத்துவர்மேல் கிடையாது. முயலுக்கு வயிறு சரியில்லை என்றால் ஓமத் தண்ணீர், பெருங்காயப் பற்று, ஒரு கரண்டி தயிர் என்று அடுக்கடுக்காக யோசனை வரும். "புள்ளைக்கே குடுக்குறோம், அதுக்குக் குடுத்தா என்னடி?" என்பது அவர் வாதம். பிள்ளையின் வயிறும் முயலின் வயிறும் ஒன்றல்ல என்பதே பதில். வளர்ந்த முயலுக்குப் பால் சர்க்கரையைச் செரிக்கும் திறன் இல்லை. தயிரில் உள்ள நுண்ணுயிர்கள் அதன் குடலில் இயல்பாக வாழ்பவையும் அல்ல. பெருங்காயத்தை வயிற்றில் பூசினால் முயல் அதை நக்கி எடுத்து வாய்வழி மருந்தாக்கிவிடும். அதே காரணத்துக்காகவும், அதைவிடப் பெரிய காரணத்துக்காகவும், கோடாலித் தைலமும் கற்பூரம் கலந்த களிம்புகளும் முயலின் பக்கமே போகக் கூடாது. முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடப் பழகிய பிராணி. மூக்கடைத்தால் வாயால் சமாளிக்க அதற்குத் தெரியாது; வாயைத் திறந்து மூச்சு விடுகிறது என்றால் அது மரணத்தோடு போராடுகிறது என்று பொருள். கற்பூரமோ உள்ளே போனால் நஞ்சு. பனடாலும் இப்யூபுரோஃபெனும் அந்த இழுப்பறையிலேயே இருக்கட்டும்.

உண்ணிக்கும் செள்ளுக்கும் போடும் மருந்தில் நடக்கும் விபத்து தனி வகை. ஃபிப்ரோனில் என்ற மருந்து, பிடரியில் சொட்டாக விடும் வடிவில், நாய்க்கும் பூனைக்கும் உலகெங்கும் விற்கிறது. முயலுக்கு அது வலிப்பையும் மரணத்தையும் தரக்கூடியது. தயாரிப்பு லேபிளிலேயே முயலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை இருக்கும். பூனையும் முயலும் சேர்ந்து வளரும் வீடுகளில், வீவக வீட்டில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரிலிருந்து அனுமதி உண்டு என்பதால் அப்படிப்பட்ட வீடுகள் இப்போது கூடிவருகின்றன, பூனைக்கு விட்ட மருந்தை முயல் நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முயலுக்குச் செலமெக்டின், ஐவர்மெக்டின் ஆகியவற்றை மருத்துவர் எடைபார்த்துத் தருவார். காதுக்குள் பொருக்குப் பொருக்காகப் படிந்து துர்நாற்றம் வீசும் காதுப்பேன் தொல்லைக்கும் இவையே மருந்து. அந்தப் பொருக்கைப் பிய்த்தெடுக்கவோ, தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றவோ கூடாது. பொருக்கின் அடியில் தோல் பச்சைப் புண்ணாக இருக்கும். மருந்து வேலை செய்தால் அது தானாக உதிர்ந்துவிடும்.

பல், சிறுநீர், கருப்பை, தலைச்சாய்வு ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முயலுக்கு 28 பற்கள். அத்தனையும் வாழ்நாள் முழுவதும் வளர்பவை, முன்பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். தேய்ப்பதற்குப் புல்லைவிடச் சிறந்தது இல்லை, ஆகவே டிமத்தி உலர்புல் தட்டு எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். தேக்கா சந்தையில் பிள்ளையாருக்காக விற்கும் அருகம்புல்லையும் நன்றாகக் கழுவி அவ்வப்போது கொடுக்கிறேன். கடைவாய்ப் பல் கூர்ந்து நாக்கைக் கிழித்தால் எச்சில் வடியும், தாடை நனைந்திருக்கும். அதை மயக்க மருந்து கொடுத்து மருத்துவர்தான் ராவ வேண்டும். முயல் உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்தில் மிஞ்சியதைச் சிறுநீரில் கழிக்கும் பிராணி என்பதால், சிறுநீர் சற்றே கலங்கலாக இருப்பது இயல்பு. குழைத்த சுண்ணாம்பாகக் கெட்டிப்பட்டு வந்தால் இயல்பன்று. சுண்ணாம்புச் சத்து மிகுந்த முருங்கைக்கீரையை நான் தவிர்ப்பது இதனால்தான். சிறுநீர் செம்பழுப்பாக இருந்தால் பதற வேண்டாம். கீரையின் நிறமிகளாலும் அப்படி வரும். அது இரத்தமா என்பதைச் சோதனைத் தாள் சொல்லிவிடும். ஆனால் கருப்பை எடுக்காத பெண்முயலிடம் அதை அலட்சியம் செய்யவே கூடாது, நான்கு வயதைத் தாண்டிய பெண்முயல்களிடம் கருப்பைப் புற்று அந்த அளவுக்குப் பரவலானது. திடீரென்று தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து முயல் உருண்டால், உட்காதுத் தொற்றும் என்செஃபலிட்டோசூன் குனிகுலி என்ற ஒட்டுண்ணியும் முதலில் சந்தேகிக்கப்படும். பின்னதற்கு ஃபென்பெண்டசோலை 28 நாட்கள் தொடர்ந்து கொடுப்பார்கள். அது எலும்பு மச்சையைப் பாதிக்கக்கூடும் என்பதால் வலைத்தளத்தில் வாங்கி நாமே கொடுக்கும் மருந்தன்று.

இந்த ஊரின் வெப்பமே ஒரு நோய்க்காரணம். நண்பகலில் 31, 32 பாகை இங்கே சர்வசாதாரணம். முயலுக்கு வியர்க்காது, நாயைப்போல நாக்கைத் தொங்கவிட்டு இளைத்தும் தணித்துக்கொள்ளாது, காதுகளின் வழியாகவே வெப்பத்தை வெளியேற்றும். பின்கட்டிலும் துணி காயும் பக்கத்திலும் கூண்டு வைப்பவர்கள் பிற்பகல் வெயில் எங்கே விழுகிறது என்பதை ஒருநாள் வீட்டிலிருந்து பார்க்க வேண்டும். வெப்பத்தாக்கு என்று தோன்றினால் குளிர்ந்த நீரால் காதுகளை நனைத்து, விசிறியை வைத்து, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்குவது அதிர்ச்சியில் கொன்றுவிடும். புகைமூட்டக் காலத்தில் சன்னலை மூடுவது முயலுக்கும் சேர்த்துத்தான். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்ட 2013 ஜூன் மாதத்தை இங்கே இருந்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மருந்தே இல்லாத நோய் ஒன்றும் இந்த ஊருக்கு வந்திருக்கிறது. சீனாவில் 1984ல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட முயல் இரத்தக்கசிவு நோயின் புதிய வகைக் கிருமி பிரான்சில் 2010ல் தென்பட்டு, பல நாடுகளுக்குப் பரவியது. சிங்கப்பூரில் 2020 செப்டம்பரில் வளர்ப்பு முயல்களிடம் அந்நோய் முதன்முறையாக உறுதிசெய்யப்பட்டது. தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்குநல மருத்துவச் சேவைப் பிரிவு அதை அறிவித்தபோது, முயல் வளர்ப்பவர்கள் அனைவருக்கும் உறக்கம் போயிற்று. முயல் எந்த அறிகுறியும் காட்டாமலேயே இறந்து கிடக்கலாம். கிருமி செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும், பூச்சிகள் வழியே வரும், பல வாரங்கள் வெளியில் உயிரோடிருக்கும். ஆகையால் "என் முயல் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை" என்பது காப்பன்று. தடுப்பூசி உண்டு. ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். அன்றைக்கே பல்லையும் பார்க்கச் சொல்லிவிடலாம்.

எந்த மருத்துவரிடம் போவது என்பதை முயல் நலமாக இருக்கும்போதே முடிவு செய்துவைக்க வேண்டும். இங்கே மருந்தகங்கள் ஏராளம். ஆனால் பெரும்பாலானவற்றில் நாயும் பூனையுமே வழக்கமான நோயாளிகள். தொலைபேசியில் அழைத்து, "உங்கள் மருத்துவர் முயல்களை வாடிக்கையாகப் பார்க்கிறாரா? முயலுக்கு அறுவை செய்கிறாரா? இரவில் யார் இருப்பார்கள்?" என்று நேரடியாகக் கேட்பதில் தவறில்லை. சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரமே மறுபடியும் அழைத்து விடுமுறை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எம்ஆர்டி ரயிலில் செல்லப்பிராணிகளை ஏற்றமாட்டார்கள் என்பதால், அவற்றை ஏற்றிச்செல்லும் கிராப்பெட் போன்ற வாடகைக் கார் சேவையைக் கைப்பேசியில் தயாராக வைத்திருப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். போகும்போது கடைசியாக விழுந்த புழுக்கைகளை ஒரு சிறு பையிலும், கொடுத்துவரும் மருந்துகளைப் புட்டியோடும் எடுத்துச் செல்லுங்கள். "ஒரு வெள்ளை மருந்து" என்று வாயால் சொல்வதை வைத்து எந்த மருத்துவராலும் எதுவும் செய்ய முடியாது.

கருத்தடை அறுவைக்கு முந்திய இரவு முதல் முயலைப் பட்டினி போடச் சொல்லும் மருந்தகம் என்றால், எனக்கு அங்கே போக மனம் வராது. வாந்தி எடுக்காத பிராணிக்கு அந்தப் பட்டினி தேவையில்லை. வாயைச் சுத்தமாக வைக்க ஓரிரு மணி நேரம் போதும், நீண்ட பட்டினியோ குடலை நிறுத்திவிடும். அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது வலிநிவாரணி கொடுக்கிறார்களா, அதன் செறிவை லேபிளில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அன்றிரவு முயல் உலர்புல்லைத் தொடவில்லை என்றால் எத்தனை மணிக்குள், எந்த எண்ணை அழைப்பது என்பதையும் அங்கேயே கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.